போலீசைக் கூப்பிட முடியாதவர்கள்: குற்றக் கதையும் ரத்தக்காட்டேரியும்

கேள்வி இதுதான்: சின்ன பட்ஜெட்டில் எடுத்த திகில் படங்களில், குற்றக் கதையும் வாம்பயர் (ரத்தக்காட்டேரி) கதையும் கலந்து வருபவற்றில் எவை பார்க்கத் தகுந்தவை? இத்தனை பேர் ஏன் இந்தக் கலவையை முயல்கிறார்கள், முயன்றவர்களில் பெரும்பாலோர் ஏன் பாதி வழியிலேயே சொதப்பிவிடுகிறார்கள்?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் எந்தப் படம் தேறும், எது தேறாது என்பதை நீங்களே பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

எந்தப் பேய்ப் படத்திலும் பார்ப்பவர் மனதில் முதலில் எழும் கேள்வி, “இவங்க ஏன் போலீசுக்குப் போன் போடல?” என்பதுதான். காசு உள்ள படம் இதற்குப் பனிமலை உச்சியில் ஒரு கோட்டையைக் கட்டும், அல்லது பாலத்தை உடைக்கும், புயலை வரவழைக்கும். காசில்லாத படத்துக்கு அந்த வசதி கிடையாது. கதாநாயகனை வங்கிக் கொள்ளைக்காரனாக ஆக்கிவிட்டால் பிரச்சினை ஒரே வரியில் தீர்ந்தது. காரின் டிக்கியில் பணமூட்டை, பின் சீட்டில் பணயக் கைதி, வானொலியில் அவன் பெயர். அவனைக் கடிக்க வருவது எதுவாக இருந்தாலும் அவன் போலீசைக் கூப்பிட மாட்டான். கோட்டை செய்யும் வேலையை அவன் முன்கதையே செய்துவிடுகிறது, செலவே இல்லாமல்.

மறுபக்கத்திலிருந்தும் பாருங்கள். ரத்தக்காட்டேரி என்பது என்ன? சில நாளுக்கு ஒரு ஆள் தேவைப்படும் ஜீவன். ஆளை எங்கே பிடிப்பது, எப்படித் தனியாக அழைத்துப் போவது, வேலை முடிந்ததும் உடலை என்ன செய்வது, பகல் முழுக்க எங்கே பதுங்குவது? இவை எல்லாமே ஒரு தொடர் கொலைகாரனின் அன்றாடத் தலைவலிகள். அதாவது வாம்பயர் ஏற்கெனவே ஒரு குற்றவாளிதான். கறுப்பு அங்கியும் மெழுகுவர்த்தியும் சேர்ந்து அதை நம் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தன.

மூலக் கதையிலேயே இது இருக்கிறது. பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். டிராகுலா வழக்கறிஞர் மூலமாக லண்டனில் வீடு வாங்குகிறார், தான் படுத்து உறங்க வேண்டிய சொந்த ஊர் மண்ணை 50 பெட்டிகளில் கப்பலேற்றுகிறார், ஊரெங்கும் பதுங்குமிடங்களைப் பரப்பி வைக்கிறார். அவரைத் துரத்துபவர்கள் வண்டிக்காரர்களிடம் விசாரித்தும், சரக்குக் கணக்குகளைப் புரட்டியும் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் பட்டப்பகலில் பூட்டுக்காரனைக் கூட்டிவந்து பிக்கடில்லி வீட்டைத் திறந்து உள்ளே போகிறார்கள். சட்டப்படி அது வீடு புகுந்த குற்றம். சினிமா இந்த நாவலிலிருந்து கோட்டையை எடுத்துக்கொண்டு பூட்டுக்காரனை விட்டுவிட்டது. நாம் பேசப் போகும் நல்ல படங்கள் பூட்டுக்காரனை மறுபடி உள்ளே கொண்டுவந்தவை.

சினிமாவில் குற்றமும் வாம்பயரும் முதலில் கைகோத்தபோது வாம்பயரே கிடையாது என்பது வேடிக்கை. லூயி ஃபுயாட் 1915-16இல் பாரிசில், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பத்துப் பாகங்களாக ‘லே வாம்பீர்’ எடுத்தார். அதில் ‘வாம்பயர்கள்’ என்பது ஒரு கொள்ளைக் கூட்டத்தின் பெயர், அவ்வளவுதான். யாரும் யாரையும் கடிப்பதில்லை. கூட்டத்தின் நட்சத்திரமான இர்மா வெப்பாக மூசிடோரா வருவார். ரோமன் எழுத்துகளில் வாம்பயர் என்ற சொல்லைக் கலைத்து அடுக்கினால் இர்மா வெப். படமே சுவரொட்டியில் எழுத்துகளை நகர்த்தி அதைக் காட்டும். உடலோடு ஒட்டிய கறுப்பு உடையில் கூரை மேல் நடக்கும் அந்த உருவம், பின்னால் வந்த நிஜ வாம்பயர்கள் பலரைவிடப் பயங்கரமானது.

அடுத்த இருபது ஆண்டுகளும் ஹாலிவுட்டில் கிட்டத்தட்ட அதே ஏமாற்றுதான். டாட் பிரவுனிங்கின் ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ (1927) படத்தில் கொலையாளியைப் பிடிக்கத் துப்பறிவாளர் போடும் நாடகமே வாம்பயர். துப்பறிவாளர், கூர்ப்பல் உருவம் இரண்டுமே லோன் சேனி. கடைசியாக மிஞ்சிய பிரதி 1960களில் எம்ஜிஎம் கிடங்குத் தீயில் போனதால் இன்று புகைப்படங்கள்தான் உள்ளன. அதையே 1935இல் பிரவுனிங் ‘மார்க் ஆஃப் தி வாம்பயர்’ என்று மறுபடி எடுத்தார். படம் முழுக்க வாய் திறக்காமல் மிரட்டும் பெலா லுகோசி, முடிவில் வாடகைக்கு வந்த நடிகர் என்று தெரியும். எனக்கு அந்த முடிவு பிடிக்கும். ஏமாந்துபோன கோபத்தில் அதை வெறுப்பவர்களும் நிறைய.

உண்மையான சிக்கனப் படம் என்றால் ‘தி வாம்பயர் பேட்’ (1933). மெஜஸ்டிக் என்ற சின்ன நிறுவனம் எடுத்தது. யூனிவர்சல் நிறுவனம் தன் பெரிய திகில் படங்களுக்காகப் போட்டு வைத்திருந்த செட்களை வாடகைக்கு எடுத்து, இரவில் ஷூட்டிங் நடத்தினார்கள். ஃபே ரேயும் லயனல் ஆட்வில்லும் அப்போதுதான் வார்னர் நிறுவனத்துக்காக ஒரு பெரிய திகில் படத்தில் சேர்ந்து நடித்திருந்தார்கள். அது திரைக்கு வரும் முன்பே அதே ஜோடியை வைத்து இந்தப் படத்தை முடித்து வெளியிட்டுவிட்டார்கள். கதையில் கிராமத்துச் சாவுகளுக்கு ஊர் வாம்பயரைக் குற்றம் சொல்லும், போலீஸ் அதிகாரி நம்பமாட்டார், கடைசியில் பின்னால் இருப்பவர் ஒரு டாக்டர். பி.ஆர்.சி. என்ற இன்னொரு சின்ன நிறுவனத்தின் ‘தி டெவில் பேட்’ (1940) இன்னும் ஒரு படி மேலே போகும்: லுகோசி ஒரு குறிப்பிட்ட வாசனையைக் கண்டால் தாக்கும்படி ராட்சத வௌவாலைப் பழக்கி, அந்த வாசனையில் ஷேவிங் லோஷன் செய்து எதிரிகளுக்குக் கொடுப்பார். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் கொலைக்கருவி, நோக்கம், துப்புத் துலக்கும் நிருபர் என்று குற்றக் கதையின் எல்லா உறுப்பும் சரியான இடத்தில் இருக்கின்றன.

இந்தக் கட்டத்தில் குற்றம் நிஜம், வாம்பயர் பொய். இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட படம் தொலைக்காட்சிக்காக எடுத்தது. 1972 ஜனவரி 11 அன்று அமெரிக்காவின் ஏபிசி ஒளிபரப்பிய ‘தி நைட் ஸ்டாக்கர்’, 74 நிமிடம். தயாரிப்பு டான் கர்ட்டிஸ், திரைக்கதை ரிச்சர்ட் மாத்தசன், இயக்கம் ஜான் லூவலின் மாக்ஸி. அதுவரை வந்த தொலைக்காட்சிப் படங்களிலேயே அதிகம் பேர் பார்த்த படமாக அது ஆனது. லாஸ் வேகஸில் பெண்கள் ரத்தம் வற்றிய நிலையில் செத்துக் கிடக்கிறார்கள். கார்ல் கோல்சாக் என்ற கசங்கிய சூட் போட்ட நிருபர் (டேரன் மெக்காவின்) துப்புத் துலக்குகிறார். ஆரம்பத்தில் அவருக்கே இது வாம்பயர் வேஷம் போடும் பைத்தியக்காரன் என்ற எண்ணம்தான். பிறகு மனம் மாறுகிறார், அதிகாரிகள் மாற மறுக்கிறார்கள்.

இந்தப் படத்தின் சிக்கனத்தைக் கவனியுங்கள். கோல்சாக் ஓர் அறையில் உட்கார்ந்து டேப் ரெக்கார்டரில் பேசுவதுதான் சட்டகம். எடுக்க முடியாத காட்சியெல்லாம் அவர் குரலில் வந்துவிடும். தேதி, நேரம், செத்தவர் பெயர் என்று அவர் அடுக்கும்போது போலீஸ் ரிப்போர்ட் படிப்பதுபோல் இருக்கும், அதனாலேயே நம்பிக்கை வரும். காட்டேரி மருத்துவமனையில் ரத்தம் திருடுகிறது. வாடகை வீட்டில் ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டு, அவ்வப்போது ரத்தம் எடுக்கக் கைவசம் வைத்திருக்கிறது. முடிவு இன்னும் கெட்டிக்காரத்தனமானது. இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிப் போகலாம். கோல்சாக் மரக்கூர்முனையால் காட்டேரியைக் கொல்கிறார். சட்டத்தின் கண்ணில் அது என்ன? ஒரு மனிதனின் நெஞ்சில் கட்டையை அடித்து இறக்கிய கொலை. அரசு வழக்கறிஞர் அந்தக் கொலைக்கான கைது வாரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, செய்தியை மறந்துவிட்டு ஊரைவிட்டுப் போ என்கிறார். வாம்பயர் கதையின் வழக்கமான வெற்றியே குற்றக் கதையில் மாட்டிக்கொள்ளும் தடயமாக மாறிவிடுகிறது.

நான் தேடுவது இதைத்தான். ஒரு வகைக் கதையின் விதி இன்னொரு வகைக் கதையின் திருப்பமாக மாற வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதாது.

அடுத்து ஜார்ஜ் ரொமெரோவின் ‘மார்ட்டின்’ (1977). இந்தப் பட்டியலில் ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் பிராடக் என்ற தேய்ந்துபோன எஃகு ஊர். மார்ட்டின் என்ற இளைஞன் (ஜான் ஆம்பிளஸ், அவருக்கு முதல் படம்) முதிய உறவினர் கூடாவின் வீட்டில் தங்க வருகிறான். வரும் வழியில், இரவு ரயிலில், ஒரு பெண்ணுக்கு மயக்க ஊசி போட்டு, சவரக் கத்தியால் மணிக்கட்டைக் கீறி ரத்தம் குடிக்கிறான். அவனுக்குக் கூர்ப்பல் கிடையாது. வெயிலில் நடப்பான். காட்டேரியை விரட்டக் கூடா கதவில் மாட்டியிருக்கும் பூண்டை எடுத்துக் கடித்துக் காட்டுவான். அவன் நிஜமாகவே வயதான வாம்பயரா, குடும்பத்தின் மூடநம்பிக்கையில் வளர்ந்து மனம் பிறழ்ந்த கொலைகாரனா என்று படம் கடைசிவரை சொல்லாது. பழைய கோட்டைக் காட்சிகள் கறுப்பு வெள்ளையில் வந்து போகும். அவை நினைவா கற்பனையா என்பதும் உங்கள் விருப்பம்.

இதில் குற்றக் கதை எங்கே என்றால், நடுவில் வரும் வீடு புகும் காட்சியில். கணவன் ஊரில் இல்லாத ஒரு பெண்ணை மார்ட்டின் நாள் கணக்கில் நோட்டம் விடுகிறான், கராஜ் கதவை ரிமோட்டால் திறக்கும் வித்தையைக் கற்றுக்கொள்கிறான், ஊசியைத் தயார் செய்கிறான். உள்ளே போனால் அவளோடு இன்னொரு ஆள். திட்டம் போச்சு. அதற்குப் பிறகு நடக்கும் ஓட்டமும் ஒளிதலும் கொள்ளைப் படத்தில் அலாரம் அடித்த பிறகு வரும் பரபரப்புக்குச் சற்றும் குறையாது. கூடவே அருவருப்பும், வினோதமான ஒரு பரிதாபமும் சேர்ந்து வரும். மார்ட்டினுக்கு மந்திரசக்தி இல்லாததால்தான் இந்தக் காட்சி சாத்தியமாகிறது. வௌவாலாக மாறிப் பறந்து போகிறவனுக்குத் திட்டம் எதற்கு?

அப்புறம், இது பணமில்லாதபோது எப்படி எடுப்பது என்பதற்கும் பாடம். பாதிரியாராக ரொமெரோவே நடித்திருக்கிறார். ஒப்பனைத் தந்திரங்கள் செய்த டாம் சாவினி ஒரு வேடத்திலும் வருகிறார். ரொமெரோவோடு அவருக்கு இதுதான் முதல் படம். ஊரின் மூடிய கடைகளும் துருவும் செலவில்லாமல் கிடைத்த செட். கூர்ப்பல்லுக்குப் பதில் சவரக் கத்தி என்பது சிக்கனம்தான், ஆனால் பல்லைவிடக் கத்திதான் பார்ப்பவரின் உடம்பைக் கூச வைக்கிறது. அந்த மயக்க ஊசி வேலை செய்யச் சில நிமிடம் ஆகும், அதுவரை அவள் போராடுவாள், அவன் “தூங்கிடுவீங்க” என்பதுபோலச் சமாதானம் சொல்லிக்கொண்டே இருப்பான். பெரிய பட்ஜெட்டில் இந்தச் சில நிமிடத்தை யாரும் விட்டுவைத்திருக்க மாட்டார்கள்.

கேத்ரின் பிகலோவின் ‘நியர் டார்க்’ (1987) கொஞ்சம் பெரிய படம், சுமார் 50 லட்சம் டாலர் செலவு. ஹாலிவுட் கணக்கில் அது சின்னதுதான். பிகலோவும் எரிக் ரெட்டும் முதலில் எழுத நினைத்தது வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படம். அந்தக் காலத்தில் அதற்கு யாரும் காசு போடத் தயாராக இல்லாததால் உள்ளே வாம்பயரைச் சேர்த்தார்கள். ஆனால் ‘வாம்பயர்’ என்ற சொல் படத்தில் ஓர் இடத்தில்கூட வராது. கூர்ப்பல்லும் கிடையாது. இருப்பது வேனில் ஊர் ஊராகத் திரியும் ஒரு கொலைகாரக் குடும்பம். கார் திருடுவார்கள், கண்ணாடிகளை வெளிச்சம் புகாதபடி மறைப்பார்கள், தடயம் வேண்டாம் என்றால் வண்டியையே கொளுத்திவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேட்டை உத்தி: சிறுவன் வடிவில் இருக்கும் ஹோமர் சைக்கிளோடு சாலையில் விழுந்து கிடந்து, உதவ இறங்கி வருபவரைப் பிடிப்பான். வழிப்பறிக்காரர்கள் காலம் காலமாகச் செய்வதுதானே.

கடிபட்டுப் புதிதாகச் சேர்ந்த கேலப்பிடம் அவர்கள் கேட்பதும் எந்த ரவுடிக் கூட்டமும் கேட்பதுதான்: ஒரு கொலை செய்து காட்டு, இல்லாவிட்டால் உன்னையே முடித்துவிடுவோம். அவனால் முடியவில்லை. இந்த இழுபறி முடிவுக்கு வருவது மோட்டல் துப்பாக்கிச் சண்டையில். பகல் நேரம், உள்ளே கூட்டம், வெளியே போலீஸ். சுடுகிறார்கள். குண்டு பட்டால் இவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் குண்டு துளைத்த ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு வெயில் கற்றை உள்ளே பாய்கிறது. அது பட்டால் எரிகிறது. குண்டுக்குப் பயப்படாதவர்கள் குண்டு போட்ட துளைக்குப் பயப்படுகிறார்கள். கேலப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, எரிந்தபடியே வெயிலில் ஓடி வேனைக் கொண்டுவந்து எல்லாரையும் காப்பாற்றுகிறான். அன்றுதான் கூட்டம் அவனை ஏற்றுக்கொள்கிறது. பலகைச் சுவர், விளக்கு, புகை. இவ்வளவுதான் செலவு. நூறு வருட வாம்பயர் சினிமாவில் இதைவிடச் சிக்கனமான, இதைவிடப் புத்திசாலித்தனமான காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். கேலப்பின் கால்நடை மருத்துவரான அப்பா ரத்தம் மாற்றி ஏற்றியதும் மகன் குணமாகிவிடுகிறான் என்பது மிக மலிவான தப்பித்தல். படம் ஓடவும் இல்லை, போட்ட காசுகூடத் திரும்பவில்லை. விநியோக நிறுவனம் அப்போது திவாலாகிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். வீடியோவில்தான் இதற்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

ஜான் லேண்டிசின் ‘இன்னசன்ட் பிளட்’ (1992) குறைந்த பட்ஜெட் இல்லை, ஆனாலும் இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. பிட்ஸ்பர்கில் மாஃபியாக்காரர்களை மட்டும் கடிப்பது என்று கொள்கை வைத்திருக்கும் மரி (ஆன் பாரியோ) என்ற ரத்தக்காட்டேரி. பசியாறிய பிறகு இறந்தவனின் தலையையும் கழுத்தையும் ஷாட்கன்னால் சிதைத்துவிடுவாள். கடித்த தடமும் இருக்காது, அவன் எழுந்து வரவும் மாட்டான், பார்ப்பவர்களுக்கு மாஃபியா பழிவாங்கல் போலவும் தெரியும். மூன்று வேலை, ஒரே தோட்டா. ஒருநாள் அந்தக் கடைசி வேலையை முடிக்க முடியாமல் போகிறது. தாதா (ராபர்ட் லாஜியா) பிணவறையில் எழுந்து உட்கார்கிறான், சாகாத அடியாட்களை உருவாக்கினால் என்ன என்று யோசிக்கிறான். இந்த யோசனை படத்தைவிடப் பெரியது. காதல் பகுதி இழுவை, அங்கே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லாருக்கும் தெரிந்த ‘ஃப்ரம் டஸ்க் டில் டான்’ (1996). ஒரு குடும்பத்தைப் பணயமாகப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டும் கொள்ளைக்காரச் சகோதரர்கள், மெக்சிகோவில் ஒரு மதுக்கூடம், கிட்டத்தட்ட நம் படங்களில் இடைவேளை விடும் இடத்தில் அங்குள்ளவர்கள் எல்லாம் காட்டேரிகளாக மாறுவது. இதன் உருவம் ஏன் இப்படி என்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இதன் மூலக்கருவை யோசித்தவர் ராபர்ட் கர்ட்ஸ்மன் என்ற ஒப்பனைக் கலைஞர். தங்கள் நிறுவனத்தின் கைவண்ணத்தைக் காட்ட ஒரு படம் வேண்டும் என்று, அப்போது யாருக்கும் தெரியாத குவென்டின் டரன்டினோவுக்கு 1,500 டாலர் கொடுத்துத் திரைக்கதை எழுத வைத்தார். பல வருடம் கழித்து, டரன்டினோ புகழடைந்த பிறகு, ராபர்ட் ரோட்ரிகஸ் இயக்கத்தில் சுமார் 1.9 கோடி டாலரில் அது படமானது. ஆக இரண்டாம் பாதி முழுக்க முகமூடிகளின் கண்காட்சியாக இருப்பது தற்செயல் இல்லை, படம் பிறந்ததே அதற்காக.

முதல் பாதி அபாரம், இரண்டாம் பாதி ஜாலி, இரண்டுக்கும் நடுவே ஒட்டு தெரிகிறது என்பது என் கருத்து. காட்டேரிகள் வந்த நிமிடத்திலிருந்து அந்தச் சகோதரர்கள் கொள்ளைக்காரர்கள் என்பது கதைக்குத் தேவையே இல்லை. அவர்கள் இடத்தில் பேருந்துப் பயணிகளை வைத்தாலும் அதே சண்டைதான். ஒரே ஒரு நூல் மிச்சம்: விடியும்போது கார்லோஸ் என்ற கூட்டாளியை அங்கே சந்திக்க வேண்டும் என்ற ஏற்பாடு. அந்தக் குற்ற ஒப்பந்தம்தான் கடைசியில் கதவை உடைத்து வெயிலை உள்ளே விடுகிறது. அத்தனை பிணத்துக்கு நடுவில் நின்றுகொண்டு பங்குச் சதவீதத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் இடத்தில்தான் படம் மறுபடி இரண்டு வகையாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. 1999இல் நேரடியாக வீடியோவுக்கு வந்த இரண்டாம் பாகம், ‘டெக்சஸ் பிளட் மணி’, கொள்ளைக் கூட்டத்தில் ஒவ்வொருவராகக் காட்டேரியானால் கொள்ளை என்னவாகும் என்று கேட்கிறது. கேள்வி முதல் பாகத்தைவிட நல்லது, பதில் சுமார்தான். கேமராவை எங்கெல்லாம் வைக்கக்கூடாதோ அங்கெல்லாம் வைத்து எடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம்.

பிறகு வந்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். அனா லிலி அமீர்பூரின் ‘எ கேர்ள் வாக்ஸ் ஹோம் அலோன் அட் நைட்’ (2014) பாரசீக மொழியில், கலிபோர்னியாவின் டாஃப்ட் என்ற எண்ணெய் ஊரில், கறுப்பு வெள்ளையில் எடுத்தது. போதை விற்பவனும் பெண்களைச் சுரண்டுபவனுமான ஒரு ரவுடி, தெருவில் பார்த்த பெண்ணைத் தன் வீட்டுக்குக் கூட்டி வருகிறான். பொறி யாருக்கு என்பது அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். குற்றப் பகுதி சீக்கிரம் முடிந்துவிடும், மிச்சம் மனநிலைப் படம். தகாஷி மீக்கேயின் ‘யாகூசா அபோகலிப்ஸ்’ (2015) பைத்தியக்காரத்தனம். யாகூசா என்பது ஜப்பானிய ரவுடிக் கூட்டம். அதன் தலைவனே வாம்பயர், அவன் வழியில் கடிபட்ட சாதாரண ஜனங்கள் எல்லாம் யாகூசாவாக மாறிவிடுகிறார்கள். ஊரே ரவுடியாகிவிட்டால் யாரிடம் மாமூல் வசூலிப்பது என்று நிஜ ரவுடிகள் திண்டாடுவது அருமையான நகைச்சுவை. அதன் பிறகு தவளை வேஷம் போட்ட ஒரு ஆள் வருகிறார், படம் எங்கெங்கோ போகிறது.

மூன்றாவது, ஜொனத்தன் குவார்ட்டாசின் ‘மை ஹார்ட் கான்ட் பீட் அன்லெஸ் யூ டெல் இட் டு’ (2020). அண்ணனும் அக்காவும் நோயாளித் தம்பியை வீட்டில் வைத்துப் பராமரிக்கிறார்கள். தம்பிக்கு வேண்டியது ரத்தம். அதற்காக அண்ணன் வீடற்றவர்களைக் கொல்ல வேண்டும். இதிலும் வாம்பயர் என்ற சொல் இல்லை. கொலை, துடைப்பது, புதைப்பது என்று எல்லாம் வீட்டு வேலைபோல, சலிப்போடு நடக்கும். ஒரு வீடு, நாலைந்து நடிகர்கள். ‘மார்ட்டின்’ படத்தின் நேர் வாரிசு இதுதான் என்பேன்.

இந்தப் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் செலவு விஷயத்தில் ஒன்று தெரியும். வாம்பயர் இரவு ஜீவன், ஆனால் இரவு வெளிப்புறக் காட்சிதான் சின்னப் படத்துக்கு விலை அதிகம். இருட்டைப் படம் பிடிக்க நிறைய விளக்கு வேண்டும். கோடை இரவு குறுகியது, ஒப்பனைக்கே பாதி போய்விடும். குற்றக் கதை இந்தச் சுமையை அறைக்குள் கொண்டுபோய்விடுகிறது: பதுங்கியிருக்கும் மோட்டல், விசாரணை அறை, நிற்கும் கார், பிணவறை. ஜன்னலைப் போர்வையால் மூடினால் பகலிலேயே இரவுக் காட்சி எடுக்கலாம். கதைப்படியும் அவர்கள் ஜன்னலை மூடத்தான் வேண்டும், ஒளிந்திருப்பதற்கும் வெயிலுக்கும். கூர்ப்பல்லும் அப்படியே. மலிவான பல்செட்டை மாட்டிக்கொண்டு வசனம் பேசினால் நாக்கு குழறும், நெருக்கக் காட்சியில் பிளாஸ்டிக் பளபளக்கும். கத்தி, ஊசி, ரத்தப் பை எதுவும் அப்படிக் காட்டிக்கொடுக்காது.

தோற்ற படங்கள் தோற்பது பெரும்பாலும் காசில்லாததால் இல்லை. குற்றத்தை ஒரு நுழைவுச் சீட்டாக மட்டும் பயன்படுத்துகிறார்கள். அரை மணி நேரம் கடத்தல், துரோகம், பங்குத் தகராறு. காட்டேரி வந்ததும் பணப்பெட்டியை மூலையில் போட்டுவிட்டு எல்லாரும் கட்டை செதுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். துரோகி யார் என்ற கேள்வியை அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. கூட்டாளி கடிபட்டுவிட்டான், ஆனால் லாக்கர் எண் அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்றால் என்ன செய்வீர்கள்? இப்படி ஒரு முடிச்சு எழுதக் காசு வேண்டாம். இன்னொரு கோளாறு, ரத்தத்தைப் போதைப்பொருளாக உருவகப்படுத்துவது. ஏபல் ஃபெராரா 1995இல் ‘தி அடிக்‌ஷன்’ படத்தில் அதைக் கறுப்பு வெள்ளையில் கடைசிச் சொட்டுவரை பிழிந்துவிட்டார். அதன்பின் வந்த பாதிப் படங்கள் சக்கையைத்தான் மெல்கின்றன. ஃபெராராவின் ‘கிங் ஆஃப் நியூயார்க்’ (1990) வெறும் கேங்ஸ்டர் படம், ஆனால் அதில் தாதா ஒரு திரையரங்குக்குள் போகும்போது உள்ளே ஓடிக்கொண்டிருப்பது 1922இன் வாம்பயர் படமான ‘நாஸ்ஃபெராட்டு’. மனிதருக்கு அப்போதே இந்த எண்ணம் இருந்திருக்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? முதல் இரவு ‘தி நைட் ஸ்டாக்கர்’. 74 நிமிடம்தான், பழைய தொலைக்காட்சிப் படம் என்று தயங்க வேண்டாம். பிடித்திருந்தால் கோல்சாக்கை வைத்து 1974-75இல் வந்த தொடரும் உண்டு, 20 அத்தியாயம், தரம் ஏற்ற இறக்கம். அடுத்து ‘நியர் டார்க்’. ‘மார்ட்டின்’ படத்தை மூன்றாவதாக வையுங்கள், தனியாகப் பாருங்கள். ‘டஸ்க் டில் டான்’ பார்க்காதவர் யாராவது பக்கத்தில் இருந்தால் கதையைச் சொல்லாமல் உட்கார வையுங்கள். மதுக்கூடக் காட்சி வரும்போது திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள்.